மண்ணடி, பாரிமுனைப் பக்கம் நல்ல காபிக்கடையைக் கண்டுகொள்வது எப்படி?

மண்டபம் கரைவலை:

அடுத்த மாதம் முதல் அலுவலக வேலையாகச் சென்னையில் சில மாதங்கள் தங்க வேண்டியிருக்கிறது. கடலுணவு ஏற்றுமதிக்கான சுங்க ஆவணங்களைத் துறைமுகத்துக்கு அருகிலேயே இருந்து கவனிக்க வேண்டும் என்பதால் மண்ணடியில் அறை எடுத்திருக்கிறேன். அலுவலகம் தம்புச் செட்டித் தெருவில் இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. நம் ராமநாதபுரம் கரையோரத்துக் கைப்பக்குவம் அந்தப் பகுதியில் தாராளமாகக் கிடைக்கிறது என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். என் கவலையெல்லாம் காபியைப் பற்றித்தான். விடியற்காலையில் ஒன்றும் மாலை நான்கு மணிக்கு ஒன்றும் சரியாக அமையாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

இப்படிக் கேட்டவுடன் மயிலாப்பூரில் இன்ன கடை, மாம்பலத்தில் இன்ன கடை என்று பெயர்கள் வந்து விழும் என்பதை அறிவேன். காலை ஐந்தரை மணிக் காபிக்காக மண்ணடியிலிருந்து மயிலாப்பூருக்குப் போய்வர முடியாது. கைப்பேசி வரைபடத்தில் தேடிப் பார்த்தால் நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த கடையே அந்தப் பகுதியில் இல்லை. கருத்துகளைத் திறந்தால் பாதி பிரியாணியைப் பற்றியும் மீதி வண்டி நிறுத்த இடமில்லாததைப் பற்றியும் இருக்கின்றன. ஆகையால் பெயர்ப் பட்டியல் வேண்டாம். பழக்கமில்லாத பேட்டையில் இறங்கும் ஒருவர் எதைப் பார்த்து ஒரு கடைக்குள் நுழையலாம், எதைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கீழக்கரை மரக்கலம்:

தம்பி, மண்ணடி தேநீரின் ஊர் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் என்று நம் பக்கத்து வணிகர்கள் தலைமுறைகளாகத் தங்கிப் பழகிய இடம் அது. அவர்களுக்கு வேண்டியது இரவு வெகுநேரம் வரை சூடாகக் கிடைக்கும் தேநீர். அந்தக் கடைகளில் பால் நாள் முழுவதும் அடுப்பில் கொதித்துச் சுண்டிக்கொண்டே இருக்கும். தேநீருக்குப் பால் அப்படிச் சுண்டுவது நல்லது, காபிக்கு ஆகாது. அங்கே போய்க் காபி என்று கேட்டால், அந்தப் பாலிலேயே உடனடித் தூளை ஒரு கரண்டி போட்டு ஆற்றிக் கொடுப்பார்கள். கொடுப்பவர் மீது குற்றமில்லை. அவர் தேநீர் மாஸ்டர்.

காபிக்கு நீங்கள் தெற்கே நகர வேண்டும். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் வழக்கறிஞர் அலுவலகங்கள் நிறைந்திருக்கின்றன. காளிகாம்பாள் கோயில் அந்தத் தம்புச் செட்டித் தெருவிலேயே இருக்கிறது. அரண்மனைக்காரன் தெருவில் கச்சாலீசுவரர் கோயிலும், அதற்கு மேற்கே கந்தகோட்டமும் இருக்கின்றன. கோயிலுக்கு வருபவர்களும் உயர்நீதிமன்றத்துக்கு வருபவர்களும் சேர்கிற இடத்தில்தான் அந்தப் பகுதியின் சைவ உணவகங்கள் பிழைக்கின்றன. காபி ஓட்டமும் அங்கேதான் இருக்கிறது. ஓட்டம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இறக்கிய டிகாக்‌ஷன் அரைமணி நேரத்துக்குள் தீர்ந்துபோகிற கடையில் சுமாரான மாஸ்டர்கூடக் கெடுத்துவிட முடியாது; தீராத கடையில் கெட்டிக்கார மாஸ்டராலும் காப்பாற்ற முடியாது.

ஓட்டம் கிழமையைப் பொறுத்து மாறும். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் அடைத்திருக்கும், நீதிமன்றமும் இல்லை, தெருவே வெறிச்சோடியிருக்கும். நீதிமன்றத்தின் மே மாதக் கோடை விடுமுறையிலும் ஓட்டம் குறைந்துவிடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அருமையாக இருந்த அதே கடையின் காபி, ஞாயிறு மதியம் வாயில் வைக்க முடியாதபடி இருக்கும்.

தொண்டி பாய்மரம்:

மரக்கலம் காக்கா (அண்ணனை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் அழைப்போம்) சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரைபடக் கருத்துகளை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். படிக்கிற முறை ஒன்று இருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்க்கவே கூடாது. கருத்துகளைப் புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்திவிட்டு, அவற்றுக்குள் ‘டிகாக்‌ஷன்’, ‘பில்டர்’, ‘டபரா’ ஆகிய சொற்களைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய பாராட்டு எதற்கும் உதவாது, ஏனென்றால் அப்போதிருந்த மாஸ்டர் இப்போது வேறு கடையில் இருக்கக்கூடும். அடுத்து, வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். கடைக்காரர் போட்ட படத்தில் எல்லாக் காபிக்கும் நுரை உண்டு. வாடிக்கையாளர் தோசையைப் படமெடுக்கும்போது ஓரத்தில் தற்செயலாகப் பதிந்திருக்கும் டம்ளர்தான் உண்மையான சாட்சி. அது காகிதக் குவளையா எவர்சில்வரா, காபி சாம்பல் நிறமா செம்பழுப்பா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பில்டர் காபி ஒன்றுதான் காபி என்று இங்கே யாரும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. சிக்மகளூர், ஆரக்கு, நம் தாண்டிக்குடிப் பக்கத்து அராபிகாக் கொட்டையை வறுத்த தேதியோடு விற்று, பாலில்லாமல் வடித்துக் கொடுக்கும் புதிய கடைகள் சென்னையில் பெருகிவிட்டன. அவை பாரிமுனையில் அதிகம் இல்லை, நுங்கம்பாக்கம், அடையாறு பக்கம்தான் இருக்கின்றன. விலையும் அதிகம். ஆனால் கொட்டைக்கென்று உள்ள சுவை என்ன என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால், பிறகு தெருமுனைக் கடையில் எது தூளின் குறை, எது பாலின் குறை என்று பிரித்தறிவது சுலபமாகிவிடும்.

ராமேசுவரம் மேற்குவாசல்:

கோயிலைச் சுற்றியுள்ள சைவ உணவகங்களின் அடுக்களைகளில் நீண்டகாலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். யாத்திரிகர் கூட்டத்துக்குக் காபி போட்டுப் பழகியவனுக்குக் கடையின் முன்புறத்தைப் பார்த்தாலே பின்புறம் தெரிந்துவிடும். மீன் வாங்கும்போது செவுளைப் பார்ப்பதுபோல, காபிக்கடையில் பார்க்க வேண்டிய இடம் காபி போடுகிற மேடைதான். பலகையையும் விலைப்பட்டியலையும் பார்ப்பதில் பயனில்லை.

முதலில், டிகாக்‌ஷன் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நல்ல கடையில் டிகாக்‌ஷன் பாத்திரம் வெந்நீருக்குள் அமர்ந்திருக்கும். நேரடியாக அடுப்பின் மீது உட்கார்ந்திருந்தால் அது ஏற்கெனவே கொதித்துக் கருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கசப்பை எவ்வளவு சர்க்கரையாலும் மறைக்க முடியாது. இரண்டாவது, பில்டரின் அளவு. ஒரே பெரிய பில்டரில் காலையிலேயே நாள் முழுவதற்கும் சேர்த்து இறக்கி வைப்பவர்களைவிட, இரண்டு மூன்று நடுத்தரப் பில்டர்களை மாற்றி மாற்றி இறக்குபவர்கள் நம்பத் தகுந்தவர்கள். பில்டரில் தூளை அழுத்தி, கொதித்து அடங்கிய வெந்நீரை ஊற்றினால் டிகாக்‌ஷன் சொட்டி முடிய கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே கூட்ட நேரத்தில், ‘ஐந்து நிமிடம் பொறுங்கள், புதிது இறங்கிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு கடைக்காரர் சொன்னால் எரிச்சல்படாமல் உட்காருங்கள். அப்படிச் சொல்லும் கடையைவிட மேலான கடை உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

மூன்றாவது, சர்க்கரை இல்லாமல் ஒரு காபி கேளுங்கள். உங்களுக்குச் சர்க்கரை பிடித்திருந்தாலும் முதல் நாள் அப்படியே கேளுங்கள். ‘முடியாது’ என்று சொன்னால் பாலிலேயே சர்க்கரையைக் கலந்து வைத்திருக்கிறார்கள். முடியும் என்றால், சர்க்கரை இல்லாத அந்தக் காபி கடையின் எல்லா ரகசியங்களையும் உங்களுக்குச் சொல்லிவிடும். ஒருமுறை வடித்த தூளிலேயே மறுபடி வடித்த இரண்டாவது டிகாக்‌ஷனை எவ்வளவு கலந்திருக்கிறார்கள், பாலில் தண்ணீர் எவ்வளவு, பால் அடிப்பிடித்ததா என்பதெல்லாம் நாக்குக்குத் தெரியும். பாலைப் பொறுத்தவரை, கொழுப்பு 6 விழுக்காடு உள்ள ஆவின் ஆரஞ்சு உறையோ, 4.5 விழுக்காடு உள்ள பச்சை உறையோ வாங்குகிற கடைக்கும், 3 விழுக்காடு உள்ள நீல உறையை வாங்குகிற கடைக்கும் காபியில் நிறையவே வித்தியாசம் உண்டு. காலி உறைகள் விடியற்காலையில் கடை வாசலில் கிடக்கும். பார்ப்பதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, சூட்டை வைத்து மதிப்பிடாதீர்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் எல்லாக் காபியும் ஒன்றுதான். அடி மிடறு ஆறிய பிறகும் நன்றாக இருந்தால் மறுநாளும் போகலாம்.

தங்கச்சிமடம் டீச்சர்:

மேற்குவாசல் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார், தண்ணீரை விட்டுவிட்டார். நான் வேதியியல் நடத்துகிறவள். எனக்கு முதலில் அதுதான் கண்ணில் படும். டம்ளரில் பால் பாதிக்கு மேல் இருந்தாலும், தூளிலிருந்து சுவையைப் பிரித்தெடுப்பது தண்ணீர்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அளவோடு இருந்தால் சுவை நன்றாக இறங்கும். பைகார்பனேட் மிகுந்தால் காபியின் இயல்பான புளிப்பு மழுங்கித் தட்டையாகிவிடும். குளோரைடு மிகுந்தால் உப்புக் கரிக்கும். காபி வடிக்கும் தண்ணீரில் கரைதிடப்பொருள், அதாவது கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் மொத்த அளவு, லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருப்பது நல்லது என்று சர்வதேசக் காபித் தொழில் அமைப்பு பரிந்துரைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. நம் கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் எப்படிப்பட்டது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைக்க வேண்டியிருந்த மாவட்டம் இது.

சென்னையிலும் ஒரே தண்ணீர் கிடையாது. ஏரி நீர், வீராணம் நீர், மீஞ்சூரில் 2010 முதலும் நெம்மேலியில் 2013 முதலும் சுத்திகரிக்கப்பட்டு வந்த கடல்நீர், இவற்றோடு லாரி நீரும் நிலத்தடி நீரும் உண்டு. பழைய நகரமான பாரிமுனைப் பகுதியில் கடலுக்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிக் காபி போடும் கடை நன்றாக இருக்க வாய்ப்பில்லை. அதற்காகச் சவ்வூடு சுத்திகரிப்பு (ஆர்.ஓ.) இயந்திரம் வைத்த கடை எல்லாம் உயர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். தாதுக்களை முழுவதும் நீக்கிய தண்ணீரில் காபி மெலிந்துபோகும். குடிக்கத் தரும் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அது உப்பில்லாமலும் சப்பென்று இல்லாமலும் இருந்தால் துணிந்து காபிக்குச் சொல்லலாம்.

இங்கே சொல்ல எனக்குத் தயக்கமான ஒன்றும் இருக்கிறது. உப்பு நீரின் சுவையை அமுக்குவதற்காக நம் பக்கத்தில் பலர் சிக்கரி நிறையப் போட்ட தூளையே வாங்கிப் பழகிவிட்டோம். கறுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தால் அதை ஸ்ட்ராங் என்கிறோம். சிக்கரியில் காஃபின் துளிகூட இல்லை. அந்த நாக்கோடு சென்னைக்குப் போய் நல்ல காபியை ‘தண்ணியாக இருக்கிறது’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ராமேசுவரம் மேற்குவாசல்:

தண்ணீரைப் பற்றி டீச்சர் சொன்னது முற்றிலும் சரி. சிக்கரியைப் பற்றிச் சொன்னதில் பாதியைத்தான் ஏற்பேன். அது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துக் கலக்கிறார்கள். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, சிக்கரி எவ்வளவு என்பதை உறையில் அச்சிட வேண்டும். 49 வரை போவது காசை மிச்சப்படுத்துவதற்கு. 15, 20 போடுவது வேறு. பால் சேர்த்துக் குடிக்கும் காபியில் டிகாக்‌ஷன் பாலுக்கடியில் மறைந்துபோகாமல் நிற்பதற்கு அந்த அளவு வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சுத்தக் காபித்தூள் என்று பலகை மாட்டிக்கொண்டு, பால் நிறைய ஊற்றி நிறமே இல்லாமல் கொடுக்கும் கடைகளையும் பார்த்திருக்கிறேன். சிக்கரி இல்லாமலேயே உறைப்பு வேண்டுமானால் ரோபஸ்டா என்ற கொட்டை வகையைக் கலக்க வேண்டும். அராபிகாவைவிட அதில் காஃபின் ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் மணம் குறைவு. குடகிலும் வயநாட்டிலும் விளைவது பெரும்பாலும் அதுதான்.

பாம்பன் குந்துகால்:

இடையில் ஒரு சந்தேகம். சென்னையில் இப்போது எங்கு பார்த்தாலும் கருப்பட்டிக் காபி என்று பலகை தொங்குகிறது. நம் ஊர்ப் பொருள் என்ற ஆசையில் நுழையலாமா?

சாயல்குடி பனங்காடு:

நுழையலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு நுழையுங்கள். கருப்பட்டியைக் கொதிக்கும் பாலில் போட்டால் பால் திரிந்துபோகும். எனவே பக்குவம் தெரிந்தவர்கள் அதைத் தனியே காய்ச்சி வடிகட்டி, கடைசியில்தான் சேர்ப்பார்கள். உங்கள் கண்முன்னே தனிப்பாத்திரத்திலிருந்து பாகை ஊற்றினால் சரி. சில இடங்களில் கரும்பு வெல்லத்துக்குக் கருப்பட்டி என்று பெயர் சூட்டியிருப்பார்கள். பனங்கருப்பட்டியில் வரும் லேசான புகைமணத்தோடு பிறந்து வளர்ந்த நமக்கு அது முதல் மிடறிலேயே பிடிபட்டுவிடும். அதோடு, கருப்பட்டி தன் வாசனையால் காபியை மூடிவிடும் என்பதால், கடையின் காபி எப்படிப்பட்டது என்று அறிய அது உதவாது.

கரைவலை அண்ணனுக்கு ஒரு வழி சொல்கிறேன். கடைகளைத் தேடாதீர்கள், தூள் அரைத்துக் கொடுப்பவரைத் தேடுங்கள். பழைய பேட்டைகளில் காபிக்கொட்டையை வறுத்து, நம் கண்ணெதிரே அரைத்துத் தரும் சிறிய கடை ஒன்றாவது இருக்கும், வாசனையே வழிகாட்டும். அங்கே கால் கிலோ வாங்கிக்கொண்டு, ‘இந்தத் தெருப்பக்கம் எந்த ஓட்டல்காரர் உங்களிடம் தினமும் தூள் வாங்குகிறார்’ என்று கேளுங்கள். எவ்வளவு வாங்குகிறார் என்பதைவிட எத்தனை நாளுக்கொருமுறை வாங்குகிறார் என்பது முக்கியம். அரைத்த தூளின் மணம் சில நாள்களிலேயே போய்விடும். வாரத்துக்கொருமுறை மூட்டையாக எடுப்பவரும் அன்றன்றைக்கு எடுப்பவரும் ஒரே தூளை வாங்கினாலும் ஒரே காபியைக் கொடுக்க முடியாது. யார் எந்தக் கலவை வாங்குகிறார், யார் விலையைக் குறைக்கச் சிக்கரியை ஏற்றச் சொல்கிறார் என்பது அந்தக் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். எல்லாவற்றையும் அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நல்லதைச் சொல்வதில் அவருக்குத் தயக்கம் இருக்காது, அது அவர் தூளுக்கும் பெருமைதானே.

மண்டபம் கரைவலை:

மண்ணடிக்கு வந்து சேர்ந்து, ஓரளவு பழகிய பிறகு எழுதுகிறேன். பலன் கொடுத்தது பனங்காடு சொன்ன வழிதான். பவளக்காரத் தெருப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது வறுக்கிற மணத்தைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு தூள் கடையைக் கண்டேன். கடைக்காரர் முதலில் பிடிகொடுக்கவில்லை. ‘எல்லோரும் நம்மிடம்தான் வாங்குகிறார்கள்’ என்றே சொன்னார். அடுத்த முறை தூள் வாங்கும்போது, தினமும் வருபவர் யார் என்று மட்டும் கேட்டேன். லிங்கிச் செட்டித் தெருவிலுள்ள ஒரு சிறிய சைவ உணவகத்தைக் காட்டினார். பலகை வெளுத்துப்போன கடை, வரைபடத்தில் அதற்குப் படம்கூடக் கிடையாது.

காலை ஆறு மணிக்குப் போனால் பித்தளைப் பில்டர் இரண்டு மாறி மாறி இறங்குகின்றன, டிகாக்‌ஷன் வெந்நீருக்குள் இருக்கிறது, வாசலில் பச்சை உறை கிடக்கிறது. சர்க்கரை இல்லாமல் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். ஆறிய பிறகும் நன்றாகவே இருந்தது. குடிதண்ணீர் மட்டும் கேன் தண்ணீர். டீச்சர் மன்னிக்க வேண்டும். மாலை நான்கு மணிக் காபி காலையைவிட ஒரு படி குறைவுதான், ஏனென்றால் நீதிமன்றக் கூட்டம் கலைவதற்கு முன் இறக்கியது மீந்துபோகிறது. ஐந்து மணிக்குப் போனால் புதிது கிடைக்கிறது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், திருமணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஊருக்குப் போய்விட்டால் நான் எழுதிய பெயர் அடுத்து வருபவரை ஏமாற்றும்.

தீராத பிரச்சினை ஞாயிற்றுக்கிழமைதான். மரக்கலம் காக்கா சொன்னபடியே தெரு வெறிச்சோடிவிடுகிறது, அன்று அந்தக் கடையும் அடைத்திருக்கிறது.

கீழக்கரை மரக்கலம்:

ஞாயிறுக்கு அந்தப் பேட்டையை விட்டு வெளியேறுவதே வழி, தம்பி. கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலில் ஏறினால் திருவல்லிக்கேணியும் திருமயிலையும் அதே தடத்தில் வரும். திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடக்கும் ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லியை முடித்துவிட்டுக் காபி குடிக்கலாம். அங்கே எந்தக் கிழமையும் ஓட்டத்துக்குக் குறைவில்லை. மயிலாப்பூர் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸுக்குப் போவதென்றால் சீக்கிரம் கிளம்புங்கள். இடம் சிறியது, காத்திருக்க வேண்டும், பலகாரம் தீர்ந்துவிட்டால் திரும்ப வேண்டியதுதான். கோயில் குளத்தைச் சுற்றி வந்தால் தூள் அரைக்கும் கடைகளும் உண்டு.

மண்டபம் கரைவலை:

நன்றி காக்கா. ஊருக்கு வரும்போது வீட்டுக்குத் தூள் வாங்கிவர எண்ணுகிறேன். மண்டபத்துத் தண்ணீருக்கு எந்தக் கலவை பொருந்தும், எவ்வளவு வாங்கலாம் என்று மேற்குவாசல் அண்ணன் சொன்னால் நல்லது.

ராமேசுவரம் மேற்குவாசல்:

பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு கொட்டை வகைகளும் சரிபாதி, அதில் நூற்றுக்கு 15 சிக்கரி என்று கேளுங்கள். வறுவல் நடுத்தரமாக இருக்கட்டும். கருக வறுத்ததை வாங்க வேண்டாம். கால் கிலோவுக்கு மேல் எடுக்காதீர்கள். மாலை வண்டியில் வருவதானால் அன்று மதியம் அரைத்து, சூடு ஆறிய பிறகு உறையைக் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக் கிணற்று நீரில் போடாமல் குழாயில் வரும் காவிரி நீரைப் பிடித்து வைத்துப் போடுங்கள். அது வராத நாளில் கேன் தண்ணீரில் மூன்று பங்குக்குக் கிணற்று நீர் ஒரு பங்கு கலந்துகொள்ளலாம். அளவு சரிதானா என்று டீச்சர் பார்த்துச் சொல்லட்டும்.

தங்கச்சிமடம் டீச்சர்:

கிணற்று நீர் எவ்வளவு உப்பு என்பது தெரியாமல் பங்கு சொல்ல முடியாது. கரைதிடப்பொருளைக் காட்டும் பேனா போன்ற சிறிய மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு நீரையும் தனித்தனியே அளந்து எண்களை இங்கே எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.